வாடாநீலத்தை யாரும் சோதிக்கக் கூடாது

ஜூன் 12, திங்கள்

நீதிபதி இன்று என் தலையில் ஒரு கல்லைப் போட்டார். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமான கல்.

வழக்கு 1961-ஆம் வருடத்தது. செவ்வந்திபுரம் ஜமீன் பாகப்பிரிவினை. தம்பி குமாரசாமி வாதி, அண்ணன் சொக்கலிங்கம் பிரதிவாதி. இருவரும் போய்ச் சேர்ந்து பல காலமாகிவிட்டது. நிலம், தோப்பு, அரண்மனை எல்லாம் மேல்முறையீட்டுக்கு மேல்முறையீடு போய்ப் பிரிந்து முடிந்தன. பிரிக்க முடியாமல் மிஞ்சியது ஒரே ஒரு பொருள். வாடாநீலம் என்று ஊர் உலகமெல்லாம் பேர் வாங்கிய நீலக்கல். அறுபத்திரண்டு வருடமாகக் கோர்ட் முத்திரை வைத்த பெட்டிக்குள் ஒரு வங்கியின் பெட்டக அறையில் கிடக்கிறது.

நான் கோர்ட் நியமித்த வக்கீல் கமிஷனர். இரு தரப்பும் பார்க்கப் பெட்டியைத் திறக்க வேண்டும், நிபுணரை வைத்துக் கல்லைச் சோதிக்க வேண்டும், அது எப்போது யார் கையில் இருந்தது என்று வரலாறும் எழுத வேண்டும். எட்டு வாரம்.

ரிக்கார்டு ரூமிலிருந்து பதினோரு கட்டுகளைத் தூக்கி வந்து என் மேஜையில் வைத்துவிட்டு, என் குமாஸ்தா பேச்சிமுத்து கைகளைத் தட்டிக்கொண்டார்.

"மேடம், இந்தக் கேசைத் தொட்ட வக்கீல் ஒருத்தரும் முடிவப் பாத்ததில்ல."

"நான் பார்ப்பேன்."

"பாருங்க," என்றார். அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 14, புதன்

நாளெல்லாம் கல்லின் வரலாறு. ஜமீன் செலவில் அச்சடித்த பழைய புத்தகம் ஒன்று சான்றாவணமாக இருக்கிறது. பக்கத்துக்கு நான்கு புகழ்மாலை, இரண்டு விஷயம்.

இலங்கையில் ஆற்றுச் சரளையில் அகப்பட்ட கல்லாம். காயல் வியாபாரி ஒருவர் முத்துக்கு மாற்றாக வாங்கி வந்தாராம். புயலில் கப்பல் உடைந்து அவர் குடும்பம் கரையில் ஒதுங்கியபோது அன்றைய ஜமீன்தார் ஒரு வருடம் சோறு போட்டுக் காப்பாற்றினாராம். போகும்போது வியாபாரி கல்லைக் கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனாராம். ஆதாரம் இல்லை. பாளையக் கலகத்துக்குப் பின் கம்பெனித் துரை கேட்டபோது அதை விளக்கெண்ணெய்ப் பானைக்குள் போட்டு ஒளித்தார்களாம். இதற்கும் ஆதாரம் இல்லை.

ஆதாரம் உள்ளது மூன்றே மூன்று. ஒன்று, ஜமீன்தார் தலைப்பாகையில் அதை அணிந்து தர்பாருக்குப் போன புகைப்படம். இரண்டு, கல்லைக் கையில் வாங்கிப் பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் வரைந்த படம். எடை 96 காரட் என்றும், ஒரு மூலையில் மயிலிறகு போல வெள்ளை இழை ஒன்று உள்ளே ஓடுகிறது என்றும் எழுதியிருக்கிறார். மூன்று, 1938-இல் பெரிய ஜமீன்தார், அதாவது இந்த இரண்டு அண்ணன் தம்பியின் தகப்பனார், "புதிய பதக்கத்தில் பதிக்க" அதைக் கொழும்புக்கு எடுத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்த சுங்கச் சீட்டு.

இதை இரண்டு பக்கத்தில் எழுதினால் போதும். புத்தகம் நூற்று நாற்பது பக்கம். எரிச்சலாக வருகிறது.

ஜூன் 17, சனி

செவ்வந்திபுரம் போனேன். ஒன்றரை மணி நேர பஸ்.

அரண்மனையின் நடுக்கூடத்தைச் செங்கல் சுவர் ஒன்று இரண்டாக வெட்டுகிறது. கிழக்கே சொக்கலிங்கத்தின் மகன் கனகசபாபதி. வயது எழுபத்திரண்டு, மனைவி இல்லை. மேற்கே குமாரசாமியின் மகள் தெய்வானை. எழுபது. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், கணவரை இழந்தவர். பெரியப்பா மகனும் சித்தப்பா மகளும். ஒன்றாய் வளர்ந்த அண்ணன் தங்கை. வழக்கு போட்டபோது அவருக்குப் பத்து வயது, அந்த அம்மாவுக்கு எட்டு. அன்றிலிருந்து பேச்சு இல்லை.

கனகசபாபதி எழுந்து நின்று வரவேற்றார். "வாங்க, வாங்க. எத்தன கமிஷனர் வந்தாச்சு. நீங்க மொத பொம்பள கமிஷனர்."

பெட்டி திறக்க வியாழக்கிழமை வர முடியுமா என்று கேட்டேன்.

"அந்தப் பக்கத்துல என்ன சொல்லுதாங்க?"

"இன்னும் கேட்கவில்லை."

"கேட்டுட்டு வாங்க."

தெருவைச் சுற்றிக்கொண்டு மேற்கு வாசலுக்குப் போனேன். தெய்வானையம்மாள் கட்டுரை நோட்டைத் திருத்துகிறவர் மாதிரி நோட்டீஸை இரண்டு முறை படித்தார். ஒரு ஒற்றுப்பிழையைச் சுட்டிக் காட்டினார்.

"அந்தப் பக்கத்துல வாராங்களா?"

"உங்களைக் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்."

"அப்ப மொதல்ல அவங்கள முடிவு பண்ணச் சொல்லுங்க. நான் அப்புறம் சொல்லுதேன்."

மறுபடி தெரு. நான்கு முறை சுற்றினேன். இருவருமே சாப்பிடச் சொன்னார்கள். ஒரு பக்கம் சாப்பிட்டால் மறுபக்கம் ஆட்சேபிப்பார்களோ என்று இரண்டு பக்கமும் சாப்பிட்டேன்.

ஜூன் 22, வியாழன்

பெட்டி திறக்கவில்லை. கனகசபாபதி வந்தார். அந்த அம்மாவுக்குக் காய்ச்சலாம்.

ஜூன் 25, ஞாயிறு

மகள் அபர்ணா பூனாவிலிருந்து பேசினாள். அவள் அப்பாவின் ஸ்கூட்டரை விற்றுவிடச் சொல்கிறாள். எனக்கு ஓட்டத் தெரியாதுதான். ஆனால் வாங்க வருகிறவர்களோடு யார் நின்று பேசுவது? நேரம் எங்கே இருக்கிறது? மாவு இந்த வாரமும் மீந்து புளித்துப்போய்விட்டது. எத்தனை ஆழாக்கு போடுவது என்று அளவு இன்னும் பிடிபடவில்லை.

ஜூலை 1, சனி

வாக்குமூலம் எடுக்கச் செவ்வந்திபுரம். கல்லைக் கடைசியாகப் பார்த்தது எப்போது என்பது கேள்வி. ஒரு வரியில் முடிகிற பதில்.

கனகசபாபதி ஒரு வரியில் முடிக்கிற ஆள் இல்லை. கல்லைப் பார்த்ததே இல்லையாம். பார்க்காத கல்லைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். பிறகு அப்பாவைப் பற்றி.

"எங்கப்பா ரொம்பக் கறாரு. எங்கயும் போக மாட்டாரு. மாசத்துல ஒரு சனிக்கிழமை மட்டும் குத்தாலம் போவாரு, எண்ண தேச்சுக் குளிக்க. ஒருத்தரையும் கூட்டிட்டுப் போக மாட்டாரு. வரும்போது எனக்கு நேந்திரங்கா சிப்ஸ் வரும். சேப்புச் சணல் கட்டுன பொட்டலம். அன்னைக்கு மட்டும் மனுசன் சிரிச்ச மொகமா இருப்பாரு."

எழுதிக்கொள்கிற மாதிரி பேனாவை அசைத்தேன்.

மேற்கே அதே கதை. கல்லைப் பார்த்ததில்லை. அதற்குப் பதில், அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு, மாதம் ஒருமுறை அருவியில் நின்றால் இறங்கும் என்று நம்பினார், வழக்கின் கவலையால்தான் சீக்கிரம் போய்விட்டார், இத்யாதி. நான் கேட்டது கல்லைப் பற்றி. இரண்டு பேரும் எனக்குக் கொடுத்தது குற்றாலம்.

கடைசி பஸ்ஸைத் தவறவிட்டிருப்பேன். நல்லவேளை, பேச்சிமுத்து போன் செய்து நேரத்தை நினைவூட்டினார்.

ஜூலை 6, வியாழன்

அந்த அம்மா வந்தார். கனகசபாபதிக்கு வயிற்று வலியாம். பெட்டி திறக்கவில்லை.

"அடுத்த தடவை யார் வராவிட்டாலும் திறப்பேன்," என்று இரு தரப்பு வக்கீல்களுக்கும் கடிதம் எழுதினேன். மூன்று வாக்கியம். மூன்றிலும் கோபம் தெரிந்தது. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். அதிலும் தெரிந்தது. அனுப்பிவிட்டேன்.

ஜூலை 13, வியாழன்

திறந்துவிட்டோம்.

இருவரும் வந்தார்கள். பெட்டக அறையில் ஒருவர் கிழக்குச் சுவரைப் பார்த்தும் ஒருவர் மேற்குச் சுவரைப் பார்த்தும் நின்றார்கள். நிபுணர் செய்யது மீரான் காயல்பட்டினத்துக்காரர். நாலு தலைமுறையாகக் கல் வியாபாரம். அறுபது வயது, மெலிந்த விரல்கள். அரக்கு முத்திரையை நான் உடைத்தேன். உள்ளே தங்கப் பதக்கம், நடுவே கல்.

அழகாகத்தான் இருந்தது. மழை ஓய்ந்த மறுநாள் வானத்தின் நீலம். தெய்வானையம்மாள் திரும்பிப் பார்த்துவிட்டார். கனகசபாபதியும்தான்.

மீரான் பதக்கத்திலிருந்து கல்லைக் கழற்றினார். கழற்றுவதற்கு இருவரிடமும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்கினேன். சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஏதோ திரவம் ஊற்றி, கல்லை அதில் இறக்கி, அடியில் வெள்ளைத் தாள் வைத்து விளக்கைப் போட்டார். நுண்ணோக்கியில் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்து கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி குனிந்தார்.

"வக்கீலம்மா, நீங்க பாருங்க."

பார்த்தேன். நீலத்துக்குள் மெல்லிய கோடுகள், கிராமபோன் தட்டில் இருப்பது போல வளைந்து வளைந்து.

"பூமியில வெளஞ்ச கல்லுல கோடு நேராத்தான் ஓடும். மூலைக்கு மூலை மடங்கும். வளையாது. இது அடுப்புல செஞ்ச கல்லு. தீயில துளித்துளியா உருக்கிச் சேத்தது. மயிலெற எங்கயும் இல்ல. எடையும் வேற."

"எப்போது செய்தது?"

"இந்த மாதிரிக் கல்லு போன நூற்றாண்டு ஆரம்பத்துலதான் வந்திச்சு. பதக்கம் கொழும்பு வேலை. கல்ல ஒரு தடவ பதிச்சதுதான், அதுக்கப்புறம் கழத்தினதுக்கு அடையாளமே இல்ல. பதிக்கும்போதே இதான் இருந்திருக்கு."

அப்படியானால் 1938. பெரிய ஜமீன்தாரே விற்றிருக்கிறார். விற்றுவிட்டு அதே தோற்றத்தில் ஒரு போலியைப் பதித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"நிஜக் கல் இப்போது எங்கே இருக்கும்?" என்று கேட்டேன்.

"அந்தப் பேரோட விக்க முடியாதே. ரெண்டா மூணா வெட்டியிருப்பாங்க. எங்கயோ யாரோ விரல்ல இருக்கும். போட்டிருக்கவங்களுக்கே தெரியாது."

கனகசபாபதி கிழக்குச் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "சித்தப்பா மாத்தியிருப்பாரு."

தெய்வானையம்மாள் மேற்குச் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "பெரியப்பா மாத்தியிருப்பாரு."

மீரான் இப்போதுதானே சொன்னார்! இருவர் காதிலும் விழவில்லை. கத்தவேண்டும் போல இருந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 20, வியாழன்

இன்று மதியம் சாப்பிடவில்லை. பசி தெரியவில்லை.

வழக்கு தொடங்கிய விதத்தை எழுதுவதற்காக முதல் கட்டை அவிழ்த்தேன். 1961 பிப்ரவரியில் டெல்லியில் ஒரு கண்காட்சிக்கு வாடாநீலத்தைத் தரும்படி ஜமீனுக்கு அரசாங்கக் கடிதம் வந்திருக்கிறது. நிபுணர்கள் முன்கூட்டியே வந்து சோதிப்பார்கள் என்று அதில் ஒரு வரி. மூன்றே வாரத்தில் தம்பி அண்ணன்மேல் வழக்குப் போடுகிறார்.

தம்பியின் மனு: வழக்கு முடியும்வரை கல் கோர்ட் பொறுப்பில் இருக்க வேண்டும், அதை யாரும் சோதிக்கக் கூடாது. அண்ணனின் பதில் மனு நான்கு மாதம் கழித்துத் தாக்கலாகியிருக்கிறது. தம்பி திருடன், பொய்யன், குடும்பத்தைக் கெடுக்க வந்தவன் என்று ஆறு பக்கம் திட்டிவிட்டு, கடைசியில் அவரும் கேட்கிறார்: கல் கோர்ட் பொறுப்பில் இருக்கட்டும், யாரும் சோதிக்கக் கூடாது.

ஒவ்வொரு விஷயத்திலும் முட்டிக்கொள்கிற இருவர் இந்த ஒன்றில் மட்டும் எப்படி ஒத்துப் போகிறார்கள்?

இரண்டு மனுவையும் திருப்பிப் போட்டு, முத்திரைத்தாளின் பின்பக்கம் பார்த்தேன். இரண்டும் ஒரே விற்பனையாளரிடம் ஒரே நாள் வாங்கியவை. 1961 மார்ச் 9. வரிசை எண் 418, 419. வாங்கியவர் பெயரும் கையெழுத்தும் இரண்டிலும் சொக்கலிங்கத்தினுடையவை.

பேச்சிமுத்துவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப அண்ணனே பத்திரம் வாங்கி, ஒண்ண தம்பி கையில குடுத்து 'என்மேல கேசு போடுல'ன்னு சொல்லியிருக்காரா?"

"அப்படித்தான் தெரிகிறது."

"அப்பா பேரு கெடக் கூடாதுன்னு."

"ஆமாம்."

"கேசு ஜெயிக்கணும்னே அவங்களுக்கு இல்ல. முடியாம இருக்கணும், அவ்வளவுதான்." கட்டைத் திரும்பக் கட்டிக்கொண்டே கேட்டார்: "அந்தப் புள்ளைங்களுக்குத் தெரியுமா மேடம்?"

தெரியாது. தெரிந்தவர்கள் சுவரைப் பார்த்து நிற்க மாட்டார்கள்.

ஜூலை 22, சனி

செவ்வந்திபுரம் போனேன். சொல்லத்தான் போனேன். கனகசபாபதி தர்பார் புகைப்படத்தின் பெரிய பிரதியைத் தூசி தட்டி எடுத்து வைத்திருந்தார். அந்தப் பக்கம் அவியலும் ஆப்பமும். சொல்ல வாய்ப்பு அமையவில்லை.

ஜூலை 29, சனி

கூடத்தின் நீள அகலத்தைச் சரிபார்க்கப் போனேன். அறிக்கைக்குத் தேவைப்படலாம்.

தெய்வானையம்மாள் என் பிளவுஸ் தையல் விட்டிருப்பதைப் பார்த்து, ஊசி நூல் எடுத்து வந்து நிற்க வைத்தே தைத்துக் கொடுத்தார். "வீட்டுல யாரும் சொல்லலியா?" என்று கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினேன். பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் இருந்தது.

ஆகஸ்ட் 2, புதன்

கெடு ஏழாம் தேதி. இரண்டு வாரம் நீட்டிக்கக் கேட்டு மனு தயார் செய்தேன். காரணம்: மூல ஆவணங்களை மேலும் ஆராய வேண்டியிருக்கிறது.

பேச்சிமுத்து மனுவை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார்.

"என்ன?"

"ரிப்போர்ட்டு போன வாரமே டைப் அடிச்சு முடிச்சாச்சே மேடம். நாப்பத்தி மூணு பக்கம்."

"பிழை பார்க்க வேண்டாமா?"

"பாக்கணும், பாக்கணும்," என்றார். போகும்போது வாசல்வரை போய்த் திரும்பினார். "அந்த ரெண்டு பேருக்கும் எழுவது வயசுக்கு மேல ஆச்சு. ஒரு வாரம்கூட அவங்களுக்குப் பெரிசு."

அவர் வேலையை அவர் பார்த்தால் போதாதா? அவர் கையிலிருந்து மனுவை வாங்கிக் கிழித்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 5, சனி

அரண்மனையில் பிரிக்கப்படாத இடம் முன் போர்ட்டிகோ ஒன்றுதான். கார் இல்லாத கார் நிறுத்துமிடம். இருவரும் அங்கே வரவேண்டும் என்று கமிஷனர் முறையில் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தேன். வந்தார்கள். நாற்காலியை ஒருவருக்கொருவர் முதுகு காட்டிப் போட்டுக்கொண்டார்கள்.

டெல்லிக் கடிதத்தைப் படித்தேன். இரண்டு மனுவின் கடைசிப் பத்தியைப் படித்தேன். பிறகு முத்திரைத்தாள் நகல்களை ஒவ்வொருவர் மடியிலும் வைத்தேன்.

"ஒரே நாள். அடுத்தடுத்த எண். இரண்டையும் வாங்கியவர் சொக்கலிங்கம்."

கனகசபாபதி என்னைப் பார்த்துச் சிரித்தார். "எங்கப்பா எதுக்கு சித்தப்பாவுக்குப் பத்திரம் வாங்கிக் குடுக்கணும்? கள்ள எழுத்தா இருக்கும்."

"கையெழுத்து உங்கள் அப்பாவுடையதுதான். பதினாறு ஆவணத்தோடு ஒப்பிட்டுவிட்டேன். கல் போலி என்பது இருவருக்கும் தெரிந்திருக்கிறது. டெல்லிக்காரர்கள் சோதித்தால் தாத்தா விற்றது வெளியே வரும். அதனால் இருவரும் பேசி வைத்துக்கொண்டு வழக்குப் போட்டிருக்கிறார்கள்."

"பேசி வச்சா?" தெய்வானையம்மாள் என்னிடம்தான் கேட்டார். "எப்படி மேடம் பேசுவாங்க? செவுரு எழும்பின நாள்லேருந்து எங்கப்பா கிழக்குப் பக்கம் திரும்பினதில்ல. அவரு எங்கயுமே போக மாட்டாரு. மாசத்துல மொத சனிக்கிழமை குத்தாலம் போறதத் தவிர..."

நாற்காலி கிறீச்சிட்டது. கனகசபாபதி திரும்பியிருந்தார்.

"எந்தச் சனிக்கிழமைன்னு சொன்னே?"

அந்த அம்மா முன்னால் இருந்த தூணைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மொத சனிக்கிழமை."

"வரும்போது என்ன வாங்கிட்டு வருவாரு?"

"நேந்திரங்கா சிப்ஸ்."

"சேப்புச் சணலா?"

தெய்வானையம்மாள் இப்போது திரும்பினார். அறுபத்திரண்டு வருடத்துக்குப் பின் இருவரும் முகத்தோடு முகம் பார்த்தார்கள்.

"ஒன்கூட வெளாட வந்தேன்னு எங்கப்பா என்ன ஒரே ஒரு தடவ அடிச்சாரு," என்றார் கனகசபாபதி. "அடிச்சிட்டு அவரே உக்காந்து அழுதாரு. கை வலிக்குதோன்னு நெனச்சேன்."

"பெரியப்பா அழுதாரா?"

"ஆமா."

"அவங்க ரெண்டு பேரும் மாசாமாசம் அருவியில நின்னு பேசிட்டு வந்திருக்காங்க. நம்மகிட்ட சொல்லல." அந்த அம்மாவின் குரல் ஏறியது. "அப்ப நான் எதுக்குண்ணே ஒங்ககூட பேசாம இருந்தேன்?"

அது என் அறிக்கையில் கேட்கப்படாத கேள்வி.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கை ஓடவில்லை. சண்டைதான். வாய் ஓயாத சண்டை. அந்த அம்மாவின் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. அழைக்கவில்லையே. அழைத்தால்தான் வருவீர்களா? அவர் மனைவி இறந்தபோது அந்த அம்மா எட்டிப் பார்க்கவில்லை.

"மைனி செத்தன்னைக்கு நான் செவுத்துக்கு இந்தப் பக்கம் சாஞ்சு உக்காந்திருந்தேன். சங்குச் சத்தம் ஓயிற வரைக்கும் எந்திரிக்கல. அது ஒங்களுக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? நடுவுல செவுரு!"

ஒரு மணி நேரத்துக்கு மேல். பிறகு இருவரும் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"இத எதுக்கும்மா எங்ககிட்ட சொன்னிய?" என்றார் கனகசபாபதி. "ஒரு ரெண்டு வருசம் போயிருந்தா நாங்க ரெண்டு பேரும் தெரியாமலே போயிச் சேந்திருப்போம்."

அது என் வேலை என்றேன். இன்று யாரும் சாப்பிடச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 7, திங்கள்

அறிக்கையைத் தாக்கல் செய்தேன்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

கோபத்தில் எழுதுகிறேன். நாளைக்குப் படித்தால் வெட்கமாக இருக்கும். இருக்கட்டும்.

இரு தரப்பும் சேர்ந்து மனுப் போட்டிருக்கிறார்கள். சேர்ந்து! வழக்கை முடித்துக்கொள்கிறார்களாம். கமிஷனர் அறிக்கையைத் திறந்த கோர்ட்டில் படிக்கக் கூடாதாம். உறையிலிட்டு முத்திரை வைத்து, யாருக்கும் நகல் தரக் கூடாதாம்.

நாற்பத்து மூன்று பக்கம். என் இருபத்திரண்டு வருடத் தொழிலில் இதற்கு இணையாக ஒன்று எழுதியதில்லை. சுங்கச் சீட்டிலிருந்து முத்திரைத்தாள்வரை ஒவ்வொரு கண்ணியாகக் கோத்திருக்கிறேன். நீதிபதி ஒருவர் படித்துவிட்டு உறையில் போடுவார். ஊரில் இன்னும் நூறு வருடத்துக்கு வாடாநீலம் வாடாநீலமாகவே இருக்கும்.

கனகசபாபதிக்குப் போன் செய்தேன். செய்திருக்கக் கூடாது.

"அவங்க ரெண்டு பேரும் சாகுற மட்டும் வாயத் தொறக்காமக் காப்பாத்தின பேரும்மா அது. அதுக்காகப் பெத்த புள்ளைங்களையே பிரிச்சு வச்சாங்க. அத நாங்க ஒரு கையெழுத்துல போட்டு ஒடைக்கணுமா? நானும் தெய்வானையும் பேசித்தான் முடிவு பண்ணினோம்."

"அவர்கள் செய்தது தவறில்லையா?"

"தப்புதான். ரெண்டு பேரையும் பேசாத பேச்சில்ல நாங்க. ஆனா அத நாங்க பேசிக்கிடுவோம். ஊரு பேச வேண்டாம்."

கமிஷனருக்கு ஆட்சேபிக்கும் உரிமை கிடையாது. சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். கிடையவே கிடையாது.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

விடுமுறை. ஒருவரும் கூப்பிடவில்லை. ஸ்கூட்டரைத் துடைத்தேன்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

வழக்கு பதினொரு மணிக்குக் கூப்பிடப்பட்டது. நீதிபதி அறிக்கையைப் படித்திருக்கிறார் என்பது அவர் என்னைப் பார்த்த பார்வையில் தெரிந்தது. உறையை எல்லோரும் பார்க்க ஒட்டி முத்திரை வைத்தார்கள். அரக்கு உருகும் வாசனை வந்தது.

"கல் யாரிடம் போக வேண்டும்?" என்று நீதிபதி கேட்டார்.

"தங்கச்சிகிட்ட இருக்கட்டுங்க," என்றார் கனகசபாபதி.

"எனக்கு வேண்டாம். அண்ணன் வீட்டுல இருக்கட்டும்," என்றார் தெய்வானையம்மாள்.

"மூத்தவன் நான் சொல்லுதேன்ல? ஒன்கிட்ட இருக்கட்டும்."

"நீங்க சொன்னா நான் கேட்டுறணுமா?"

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். இந்தக் கல்லுக்காக அறுபத்திரண்டு வருடம் நடந்த வழக்கில், இன்று இரண்டு தரப்பும் அது தனக்கு வேண்டாம் என்று வாதாடியது. இரு தரப்பு வக்கீல்களும் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டார்கள். வெளியே போய் அரை மணி நேரத்தில் பேசி முடித்துவிட்டு வாருங்கள் என்றார் நீதிபதி. கடைசியில் ஆறு மாதம் கிழக்கே, ஆறு மாதம் மேற்கே என்று பதிவாகியது. முதல் ஆறு மாதம் தோற்றவர் கனகசபாபதி. கல் அவருக்குப் போகிறது.

உத்தரவின் நகல் கிடைக்க மாலை மூன்று மணியாகிவிட்டது. அதுவரை இருவரும் வராந்தாவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டிருந்தார்கள். நான் தூணருகில் நின்றேன். எனக்கு அங்கே வேலை ஒன்றுமில்லை. நகலில் பெயர்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கலாமே என்று நின்றேன்.

டீக்காரர் வந்தார். கனகசபாபதி இரண்டு டீ சொன்னார். பிறகு டீக்காரரைக் கையமர்த்தி நிறுத்திவிட்டு, தங்கை பக்கம் திரும்பிக் கேட்டார்.

"ஒனக்கு சக்கர உண்டா?"

"பதினஞ்சு வருசமா இருக்கு."

"எனக்கு இருவது." டீக்காரரிடம் சொன்னார்: "ரெண்டுலயும் சீனி போடாதப்பா." மறுபடி திரும்பினார். "மாத்திரையா, ஊசியா?"

"மாத்திரதான். கால் எரியுது."

"எனக்கும் எரியும். ராத்திரியில கூடும்."

"ஆமா, ராத்திரியிலதான்."

"எந்த டாக்டரு?"

அவர் சொன்னார். இவருக்கும் அதே டாக்டர்தானாம். அந்த அம்மா செவ்வாய்க்கிழமை போவாராம், இவர் வெள்ளிக்கிழமை. எத்தனை வருடமாக என்று இருவரும் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்கள்.

தெய்வானையம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தார். நடுவில் இருந்த இடத்தைக் கையால் தட்டினார்.

"எவ்வளவு நேரம் நிப்பிய? உக்காருங்க."

வேலை இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். பேச்சிமுத்து டீக்காரரிடம் மூன்றாவது டீ சொல்லிக்கொண்டிருந்தார். உட்கார்ந்தேன்.